கேட்டதைக் கேட்டபடி

பொகாரோ,
10-2-1991

சௌபாக்கியவதி சரோஜினிக்கு அண்ணா யக்ஞநாராயணன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் மன்னி ரமாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை சாம்பசிவனும் சௌக்கியமா என்று எழுது.

தீபாவளிக்கு ஒரு கார்டு, பொங்கலுக்கு ஒரு கார்டு என்று இருந்தவன் கவர் போட்டு எழுதுகிறானே என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது. கப்பலில் வேலை பார்க்கும் என் பிள்ளை ஜப்பானிலிருந்து ஒரு ஸ்டீரியோ செட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆம்ப்ளிஃபையர் தனி, கேசட் போடும் பெட்டி தனி, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். ஸ்டீல் பிளாண்ட் ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருஷம் சாமான் இறக்கிப் பார்த்தவன் நான். இத்தனை நேர்த்தியாக பேக் பண்ணின சாமானைப் பார்த்ததில்லை.

போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை. ரமாவின் சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டோம். பாட்டை விட இரைச்சல்தான் பெரிசாகக் கேட்டது. நல்ல பதிவாகப் பார்த்து கர்நாடக சங்கீதம் வாங்கிக் கேளுங்கள் என்று பிள்ளை சொல்லிவிட்டுப் போனான். எது நல்ல பதிவு என்று எனக்கு என்ன தெரியும்? தெரிந்தாலும் இந்த ஊரில் கிடைக்காது.

நம் குடும்பத்தில் சங்கீதம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். எனக்காக நாலு கேசட் பொறுக்கி அனுப்பேன். இதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணா

*

சேலையூர்,
27-2-1991

அண்ணாவுக்கும் மன்னிக்கும் சரோஜினி நமஸ்காரம். இங்கே இவருக்கு முழங்கால் வலி, எனக்கு ஒன்றும் இல்லை.

கவரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போனேன். பிரித்தால் சங்கீதம்! முப்பது வருஷத்தில் நீ என்னிடம் சங்கீதம் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி. சிரிப்புதான் வந்தது. இவரிடம் காட்டினேன், இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்கிறேன், கேட்டுக்கொள். அட்டையில் இருக்கும் படத்தையும் பட்டத்தையும் பார்த்து வாங்காதே. எவ்வளவு பெரிய வித்வானாக இருக்கட்டும், மண்டபத்து மூலையில் ஒரு மைக்கை வைத்துப் பதிவு பண்ணியிருந்தால் உன் ஜப்பான் செட்டில் ஜனங்கள் இருமுவதுதான் கேட்கும். தம்புரா கேட்கிறதா என்று முதலில் பார். பின்னாலே அது விடாமல் கேட்டால், பதிவு பண்ணினவனுக்குக் காது இருக்கிறது என்று அர்த்தம். மிருதங்கம் பாட்டை மிதிக்கக் கூடாது. புதிதாகக் கேட்கிறவனுக்கு வீணையும் புல்லாங்குழலும் நல்லது, வார்த்தை குறுக்கே வராது. நாலையும் ஒரே நாளில் கேட்காதே. ஒன்றையே பத்து தடவை கேள்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஜெபராஜ் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். எந்தக் கேசட்டானாலும் கடையிலேயே போட்டுக் காட்டிவிட்டுத்தான் கட்டித் தருவார். இரண்டு வாங்கிப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒன்று வீணை, ஒன்று வாய்ப்பாட்டு. நின்று கேட்டுத்தான் வாங்கினேன்.

ஒரே நிபந்தனை. கேட்டதைக் கேட்டபடி எனக்கு எழுத வேண்டும். ராகம் பேரெல்லாம் எழுதாதே, உனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் என்ன சத்தம், எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே மூச்சு விடுகிறார்கள், எல்லாம் எழுது. எழுதினால்தான் அடுத்த கேசட்.

சரோஜினி

*

பொகாரோ,
20-3-1991

சரோஜினிக்கு ஆசீர்வாதம். பார்சல் பழுதில்லாமல் வந்தது. இங்கே குளிர் விட்டுவிட்டது, ரமாவுக்கு இருமலும் விட்டுவிட்டது.

நீ சொன்னபடி வீணையைப் பதினோரு தடவை கேட்டேன். நகம் தந்தியில் படும் சத்தம் தனியாகக் கேட்கிறது. விரல் வழுக்குவது தனியாகக் கேட்கிறது. ஏழாவது நிமிஷத்தில் (கடிகாரம் பார்த்துக் குறித்தேன்) ஒரு தடவை மீட்டிவிட்டு அந்த அம்மாள் தந்தியை இழுக்கிறாள். மறுபடி மீட்டாமலே அந்தச் சத்தம் மேலே ஏறி, அங்கே நின்று கொஞ்சம் நடுங்கி, மனசில்லாமல் இறங்கி வருகிறது. அந்த இடத்தில் எனக்கு என்னமோ பண்ணுகிறது. ரமா என்னைப் பார்த்துவிட்டு ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். வெயில் என்று சொன்னேன்.

வாய்ப்பாட்டு இன்னும் உயர்ந்த ரகம் போலிருக்கிறது. வலது ஸ்பீக்கரில் வயலின் நன்றாகக் கேட்கிறது. இடது ஸ்பீக்கர் மௌனமாகவே இருக்கிறது. பாடுகிறவர் பக்கத்து அறையிலிருந்து பாடுவது போல, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பாடுகிறார். பெரிய சங்கீதம் இப்படித்தான் அடக்கமாக இருக்கும் என்று ரமாவிடம் சொன்னேன். இதை நீ பொறுக்கி எடுத்தாயே, அதுதான் ஞானம்.

எழுதி மாளவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு தேவானந்தம் சார் போன் நம்பரை அனுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அண்ணா

*

சேலையூர்,
6-4-1991

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம்.

அந்த வாய்ப்பாட்டுக் கேசட்டை இனிமேல் போடாதே. அது பெரிய சங்கீதமும் இல்லை, அடக்கமும் இல்லை. ஒரு பக்கம் பதிவே ஆகாத கேசட். கடையில் பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள். உன் செட்டில் கோளாறு இல்லை, பயப்படாதே.

வீணையைப் பற்றி எழுதினது நன்றாக இருந்தது. இன்னும் எழுது.

போன் வேண்டாம். அவர்கள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள். தொந்தரவு.

சரோஜினி

*

பொகாரோ,
9-6-1991

சரோஜினிக்கு ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம்.

நீ வேண்டாம் என்று எழுதியும், மாப்பிள்ளையின் பழைய கார்டில் இருந்த நம்பரைப் பார்த்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன ஞாயிறு கூப்பிட்டேன். தேவானந்தம் சார் நல்ல மனுஷர், உடனே உன்னை அழைத்து வந்தார். எனக்கு உன்னிடம் பேச ஆசையாக இருந்தது. அந்த ஏழாவது நிமிஷத்துக்குப் பேர் என்ன என்று கேட்டேன். நீ, "நன்னா இருக்கேன் அண்ணா, மன்னி சௌக்கியமா?" என்றாய். மறுபடி கேட்டேன். மறுபடியும் மன்னி சௌக்கியமா என்றாய். மூன்றாவது தடவை, உன் மனசில் ஏதாவது இருக்கா என்று கேட்டேன். அதற்கும் நன்னா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் முட்டாள் இல்லை, சரோ. என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் வேறு எப்படிச் சொல்வாய்? கோபத்துக்குக் காரணம் எனக்கும் தெரியும், ஒருவேளை உனக்கும் தெரியும். அறுபது வயசில் சங்கீதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு உன்னிடம் வந்தது என் தப்பு.

இனிமேல் கேசட் அனுப்ப வேண்டாம். செட்டுக்கு உறை தைத்துப் போட்டாகிவிட்டது.

யக்ஞநாராயணன்

*

சேலையூர்,
19-8-1991

மைத்துனர் அவர்களுக்கு சாம்பசிவன் நமஸ்காரம். உங்கள் சௌக்கியத்தையும் மன்னி சௌக்கியத்தையும் வேண்டுகிறேன். சரோஜினிக்குத் தெரியாமல், பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவள் உங்களிடம் கோபித்துக்கொண்டு போனை வைக்கவில்லை. அவளுக்குக் காது கேட்காது. நாலு வருஷமாகப் போய்க்கொண்டே இருந்தது, இப்போது அநேகமாக முழுசாகப் போய்விட்டது. நரம்பு என்கிறார்கள் டாக்டர்கள். மிஷின் வைத்துப் பார்த்தோம். பாத்திரம் விழுகிற சத்தம் இடி மாதிரி கேட்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். காலனிக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளே, அதையும் நிறுத்திவிட்டாள். தொண்டை சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அந்த மௌனக் கேசட் விஷயம். ஜெபராஜ் பார்க்காமல் கொடுக்கவில்லை. போட்டுக் காட்டியிருக்கிறார். "இன்னாம்மா, ஒரு பக்கந்தான் வருது, வேற தரட்டுமா?" என்று கேட்டாராம். இவள் தலையை ஆட்டி, ரொம்ப நன்றாக இருக்கிறது, கட்டிக் கொடுங்கள் என்றாளாம். "பெரிய வித்வான் வூட்டம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன் சார்" என்று என்னிடம் வருத்தப்பட்டார். நான் கணக்கு வாத்தியார், அவர் என்னை வித்வான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் இவளுக்கே அது தெரிந்தது. அன்று சாப்பிடவில்லை.

ஆனால் அதே கடிதத்தில் வீணையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பகுதியை எத்தனை தடவை படித்திருப்பாள் என்று எனக்கு எண்ண முடியாது. படிக்கும்போது விரல் தொடையில் அசைகிறது. சுவாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். இரண்டு மாதமாக ஒன்றும் இல்லை.

மைத்துனரே, செட்டின் உறையைக் கழற்றுங்கள். நான் எழுதினதைக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

சாம்பசிவன்

*

பொகாரோ,
5-9-1991

சரோஜினிக்கு அண்ணா அநேக ஆசீர்வாதம். உன் மன்னியும் நானும் நலம். ஜூனில் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

கல்கத்தா போய் வந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் கடை ஒன்று இருக்கிறது. உன் சட்டப்படி அட்டையைப் பார்க்கவில்லை. போடச் சொல்லி, தம்புரா இருக்கிறதா, மிருதங்கம் மிதிக்கிறதா என்று கேட்டேன். ஒன்பது கேசட்டைத் தள்ளினேன். கடைக்காரர் நான் யாரோ பெரிய ரசிகர் என்று காபி வாங்கிக் கொடுத்தார்.

பத்தாவது புல்லாங்குழல். தம்புரா அறை முழுக்க நிற்கிறது. வாசிப்பதற்கு முன்னால் உதடு ஒட்டிப் பிரிவது கேட்கிறது, பிறகு காற்று, பிறகுதான் நாதம். மூன்றாவது நிமிஷம் வரை கீழேயே ஏதோ தேடுகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறார். பிறகு மேலே ஒரே ஓர் இடத்தில் போய் நிற்கிறார். அங்கே அசைவே இல்லை. வயலின்காரரும் சேர்ந்து நிற்கிறார், தம்புராவும் அதேதான். மூன்றும் ஒன்றாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. யாரோ ஒருவர் தாங்க முடியாமல் "ம்" என்றார்.

டெலிபோன் இனிமேல் வேண்டாம். எனக்கும் போனில் சரியாகக் கேட்பதில்லை.

இன்னொன்று. முப்பது வருஷமாக எழுத வேண்டியது. 1961-ல் நாம் கும்பகோணத்தில் இருந்தபோது, திருச்சி ரேடியோ ஸ்டேஷனிலிருந்து உன்னைப் பாட்டுப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ரேடியோவில் பாடுகிற பெண் என்றால் வருகிறவர்கள் யோசிப்பார்கள், அப்பா இல்லாத வீடு, பொறுப்பு என்னுடையது என்று நினைத்தேன். உன்னிடம் கொடுக்கவில்லை. நீ ஒரு மாதம் வாசலில் நின்றதைப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் போனேன். தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள், விடு என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது என்ன என்று எனக்குத் தெரியாது. இந்தச் செட் வந்த பிறகுதான் தெரிகிறது.

அண்ணா

*

சேலையூர்,
2-10-1991

அண்ணாவுக்கு நமஸ்காரம். மன்னிக்கும்.

எனக்கும் போனில் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியிலேயே இவர் உனக்கு எழுதிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். உனக்குப் பொய் சொல்ல வராது அண்ணா. ஒரே ஒரு தடவை சொன்னாய், அதுவும் எனக்கு ஒரு வாரம்தான் தாங்கியது. தபால்காரர், ரேடியோ கடுதாசி வந்ததே, எப்போது திருச்சி போகிறாய் என்று கோவில் வாசலில் வைத்துக் கேட்டுவிட்டார். அப்போதும் பரீட்சைக்கு ஆறு நாள் பாக்கி இருந்தது. நீயாக எடுத்துக் கொடுப்பாய் என்று ஆறு நாளும் காத்திருந்தேன்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இருந்தது. கல்யாணத்தில் நீ தாரை வார்த்தபோதும் இருந்தது. பிப்ரவரியில் உன் கவரைப் பிரித்தபோதும் இருந்தது. அதனால்தான் சிரித்தேன்.

ஆனால் இப்போது அதை விடப் பெரிய கஷ்டம் வந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் சத்தம் போனபோது, போகட்டும், உள்ளே இருக்கிறதே என்று இருந்தேன். ராத்திரியில்லை பகலில்லை, எனக்குள் ஏதாவது ராகம் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளாக அதுவும் மங்குகிறது. தோடி ராகத்தில் காந்தார ஸ்வரம் எப்படி அசையும் என்று யோசித்தால் சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. வராத நாளில் எனக்கு எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. உன் கடிதம் வந்தால் மறுபடி வருகிறது. அந்த வீணை ஏழாவது நிமிஷம் என்ன என்று கேட்டாயே, அது இந்தக் காந்தாரம்தான்.

ஆகையால் எழுது. வாரம் ஒன்று எழுது.

அந்த ரேடியோ கடிதத்தை என்ன பண்ணினாய்? இருந்தால் அனுப்பு.

சரோஜினி

*

பொகாரோ,
24-2-1992

சரோஜினிக்கு ஆசீர்வாதம். வழக்கமான வாரக் கடிதம் தனியாக வருகிறது. இங்கே சௌக்கியம்.

இத்துடன் நீ கேட்டது. அக்டோபரிலிருந்து தேடினேன். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு இருந்தது. கிழிக்கவும் தைரியம் இல்லை, கொடுக்கவும் தைரியம் இல்லை. மடிப்பில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, பார்த்துப் பிரி. மார்ச் 16, காலை பத்தரை மணி என்று போட்டிருக்கிறது. வேறென்ன எழுத.

அண்ணா

*

சேலையூர்,
19-3-1992

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் மார்ச் 16 திங்கட்கிழமையில் வந்தது. காலையில் குளித்து, அரக்குப் புடவை கட்டிக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இவர் லீவு போட்டிருந்தார். ஜெபராஜ் சர்ச்சில் பாட்டுப் பதிவு பண்ணும் பெட்டியையும் இரண்டு மைக்கையும் ஆட்டோவில் கொண்டுவந்தார். கரண்டில் ஓடும் சுருதிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் வருகிறதா என்று காதில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். போன தடவை மாதிரி ஆகக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதியும் காட்டினார்.

சரியாகப் பத்தரைக்குத் தோடி பாடினேன். அப்போது பரீட்சைக்கு வைத்திருந்ததும் அதுதான். பத்து நிமிஷம். சுருதிப் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டேன், ஓடுகிறது என்று மட்டும் தெரிந்தது. என் குரல் எனக்குக் கேட்கவில்லை. தொண்டை பழகின வழியில் போயிற்று, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முடித்ததும் இவர் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைய ஜலம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இவருக்குச் சங்கீதம் தெரியாது. ஜெபராஜ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட்டை அனுப்பியிருக்கிறேன். உன் நல்ல செட்டில் போடு. கேட்டதைக் கேட்டபடி எழுது அண்ணா. நீ எழுதுகிறதுதான் எனக்கு ரிசல்ட்.

சரோஜினி

*

பொகாரோ,
12-4-1992

சரோஜினிக்கு அண்ணா ஆசீர்வாதம். ரமா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்.

பதிவைப் பற்றி முதலில் எழுதுகிறேன். நல்ல பதிவு. சுருதிப் பெட்டி இடது பக்கம் விடாமல் கேட்கிறது. உன் குரல் நடுவில், எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது. புடவை சரசரப்பது கூடக் கேட்கிறது. நாலாவது நிமிஷத்தில் வெளியே கேம்ப் ரோட்டில் பஸ் ஹார்ன். ஏழில் ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று போகிறது. ஒன்பதில் மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சுகிறார். ஜெபராஜுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

அடுத்ததை எழுத முடியாமல் பத்து நாள் வைத்திருந்தேன். "நன்னா இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடுங்கோளேன், பாவம்" என்று ரமா சொன்னாள். உட்கார்ந்தேன், கை வரவில்லை.

இரண்டரை நிமிஷம் வரை நீயும் சுருதியும் ஒன்றாக இருக்கிறீர்கள். அதற்கப்புறம் நீ மெல்லக் கீழே இறங்குகிறாய். மேலே போகும்போது இன்னும் விலகுகிறது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் சேரவே இல்லை. சுருதி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, நீ வேறொரு பக்கம் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாய். போன வருஷம் இந்தக் கேசட் வந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, பிரமாதம் என்று எழுதியிருப்பேன். இப்போது கேட்கிறது. கேட்கக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்து வைத்தேன், அப்போதும் கேட்டது. செட்டை அணைத்துவிட்டு அழுதேன்.

ஆனால் அந்த இரண்டரை நிமிஷம். அதை நாற்பது தடவை கேட்டிருப்பேன். ஒரு நிமிஷமும் நாற்பது விநாடியும் ஆனபோது காந்தாரத்துக்குப் போகிறாய். வீணையில் வந்ததே, ஏறி நின்று, நடுங்கி, மனசில்லாமல் இறங்கி வருவது, அது அப்படியே உன் குரலில் வருகிறது. இல்லை, வீணையை விட நன்றாக வருகிறது. உனக்கு அது மங்கவில்லை, சரோ. உள்ளே முழுசாக இருக்கிறது. கும்பகோணத்தில் விடியற்காலையில் நீ சாதகம் பண்ணும்போது நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தூங்குவேன். இதையா கேட்காமல் தூங்கினேன்?

ரிசல்ட் கேட்டாய். அன்றைக்கு நீ போயிருந்தால் உன்னை எடுத்திருப்பார்கள்.

அண்ணா